மேல்நிலைப் பருவப் பிள்ளையும் குடும்ப நிதிச் சலுகைகளும்

பிள்ளை வளர்க்கும் குடும்பத்தின் செலவுச் சுமையைக் குறைக்க அரசு தரும் வரிக் கழிவு, வரி வரவு, மாதாந்திர உதவித்தொகை ஆகிய மூன்றையும் சேர்த்துக் குடும்ப நிதிச் சலுகைகள் எனலாம். சிறு குழந்தைக்கு இவற்றைப் பெறுவது ஓரளவு எளிது. குழந்தை இருக்கிறது என்பதற்கான சான்றே பெரும்பாலும் போதுமானது. பிள்ளை 16 வயதைக் கடந்தபின் நிலைமை மாறுகிறது. அந்த வயதில் பிள்ளை படிக்கலாம், வேலைக்குப் போகலாம், இரண்டும் இல்லாமல் வீட்டில் இருக்கவும் கூடும். ஆகவே சலுகை தொடர வேண்டுமானால், பிள்ளையின் வயதை மட்டும் சொன்னால் போதாது. பிள்ளை இன்னும் படிக்கிறது என்பதையும் உரிய காலத்தில் மெய்ப்பிக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை 16 முதல் 20 வயது வரையுள்ள பிள்ளைக்குத் தமிழ்நாட்டுக் குடும்பம் எந்த வழியில் எந்தச் சலுகையைக் கோரலாம் என்பதை விளக்குகிறது. காஞ்சிபுரம் மாநகரைச் சேர்ந்த ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதிகளின் வாழ்க்கை இதற்கு எடுத்துக்காட்டாக அமைகிறது. தமிழர் பலர் வாழும் பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் முறைகளும் ஒப்பீட்டுக்காகத் தரப்பட்டுள்ளன.

இந்த வயது ஏன் முக்கியமானது

ஓரிக்கை, காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில் பாலாற்றை ஒட்டி அமைந்த ஊர். திருமழிசை ஆழ்வாரும் அவருடைய சீடர் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு வெளியேறியபோது, பெருமாளும் அவர்களுடன் வந்து ஓர் இரவு இங்கே தங்கினார் என்பது வைணவ மரபு. 'ஓர் இரவு இருக்கை' என்பதே ஓரிக்கை ஆயிற்று என்பர். காஞ்சிபுரம் வட்டாரத்தின் பிற பகுதிகளைப் போலவே இங்கும் பட்டு நெசவு பழகிய தொழில்.

பட்டு நெசவு ஒருவர் மட்டும் செய்யும் வேலை அன்று. பாவு தோய்ப்பது, தார் சுற்றுவது, இழை பிணைப்பது என வீட்டார் அனைவருக்கும் அதில் பங்கு உண்டு. உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் அமையும் கோர்வைச் சேலையை மரபு முறையில் நெய்யும்போது, கரைக்குரிய நாடாவைத் தள்ள ஒரு துணை ஆளும் தேவைப்படும். முன்பு இந்தத் துணை ஆள் பெரும்பாலும் சிறுவனாகவோ சிறுமியாகவோ இருந்தார். பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக இருந்த சிறார்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

அந்த நிலை பெரிதும் மாறிவிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டம் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு அமர்த்துவதைத் தடை செய்கிறது. பள்ளி நேரம் போக, வீட்டுத் தொழிலில் உதவுவதற்கு விலக்கு அளிக்கிறது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. ஆனால் ஆபத்தில்லாத வேலைக்கு 15 வயதுப் பிள்ளை போவதைச் சட்டம் தடுப்பதில்லை. கட்டாயக் கல்விச் சட்டமும் 14 வயதோடு நின்றுவிடுகிறது. ஆகவே பத்தாம் வகுப்பு முடிந்த பிள்ளை மேலே படிப்பதா, தறியில் உட்காருவதா, 18 வயது ஆனதும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போவதா என்பதை வீட்டில்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவில் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. குடும்ப நிதிச் சலுகைகள் உண்மையில் பயன்பட வேண்டிய இடம் இதுதான்.

மூன்று வகைச் சலுகைகள்

சலுகைகளின் பெயர்கள் ஒன்றுபோல் ஒலித்தாலும் அவை வேலை செய்யும் விதம் வேறு.

1. வரிக் கழிவு: பிள்ளைக்காகச் செலவிட்ட தொகையை வருமானத்திலிருந்து கழித்துவிட்டு, எஞ்சியதற்கு மட்டும் வரி கணக்கிடுவது. வரி கட்டுபவருக்கு மட்டுமே இதனால் பயன் உண்டு. வருமானம் கூடக் கூடப் பயனும் கூடும்.

2. வரி வரவு: கட்ட வேண்டிய வரியிலிருந்தே ஒரு தொகையைக் குறைப்பது. சில நாடுகளில் வரி இல்லாவிட்டாலும் அந்தத் தொகை குடும்பத்தின் கைக்குப் பணமாக வரும். இதைத் திரும்பப் பெறத்தக்க வரி வரவு என்பர்.

3. நேரடி உதவித்தொகை: வரியோடு தொடர்பில்லாமல் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுவது.

இந்தியாவின் வருமான வரிச் சட்டத்தில் பிள்ளைகளுக்காக இருப்பது முதல் வகை மட்டுமே. பிரித்தானியாவில் இரண்டாம் வகை 2003 முதல் 2025 வரை இருந்தது. தமிழ்நாட்டு அரசு கல்லூரிப் பருவத்தில் மூன்றாம் வகையைத் தருகிறது.

இந்திய வருமான வரியில் படிக்கும் பிள்ளை

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவு, பிள்ளைகளின் படிப்புக்குச் செலுத்திய கற்பிப்புக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இதே கழிவு 123-ஆம் பிரிவாக உள்ளது. இதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

• பிள்ளைக்கு வயது வரம்பு இல்லை. 17 வயது மேல்நிலைப் பள்ளி மாணவரும் 20 வயதுக் கல்லூரி மாணவரும் ஒன்றே. முழுநேரப் படிப்பாக இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை.
• பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகம் அல்லது பிற கல்வி நிறுவனம் இந்தியாவில் இருக்க வேண்டும்.
• கற்பிப்புக் கட்டணம் மட்டுமே கணக்கில் சேரும். நன்கொடை, வளர்ச்சி நிதி, விடுதி, பேருந்துக் கட்டணம் ஆகியவை சேரா.
• ஒருவர் இரண்டு பிள்ளைகளுக்குக் கோரலாம். தாயும் தந்தையும் வரி கட்டுபவர்களாக இருந்தால், அவரவர் செலுத்திய கட்டணத்தை அவரவர் தனித்தனியே கோரலாம்.
• தத்துப் பிள்ளையும் வாழ்க்கைத்துணையின் முந்தைய மணத்துப் பிள்ளையும் பிள்ளையாகவே கருதப்படுவர்.
• வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு போன்றவற்றையும் சேர்த்து மொத்த உச்சவரம்பு 1.5 லட்சம் ரூபாய்.

பிள்ளையின் மேற்படிப்புக்காக வாங்கிய கல்விக் கடனின் வட்டியை உச்சவரம்பின்றிக் கழிக்க 80இ பிரிவு இடம் தந்தது. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து 8 ஆண்டுகள் வரை இதைக் கோரலாம்.

இங்கே இரண்டு தடைகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, இந்தக் கழிவுகள் பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு மட்டுமே உண்டு. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான முறையாகிவிட்டது. அதில் கற்பிப்புக் கட்டணக் கழிவு இல்லை. இரண்டாவது தடை அடிப்படையானது: வரியே இல்லாதவருக்குக் கழிவு எதையும் தராது.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். பழைய முறையில் 20 விழுக்காடு வரி கட்டும் ஓர் அலுவலர், தம் மகளின் கல்லூரிக்கு 40,000 ரூபாய் கற்பிப்புக் கட்டணம் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவருடைய 1.5 லட்சம் வரம்பு ஏற்கெனவே நிரம்பியிராவிட்டால், அவருக்கு 8,000 ரூபாய் வரியும் அதன் மேல் 4 விழுக்காடு கூடுதல் தீர்வையாக 320 ரூபாயும் மிச்சமாகும். அதே கட்டணத்தை ஓரிக்கையில் தறி நெய்யும் ஒருவர் செலுத்துகிறார் என்று கொள்வோம். அவருடைய ஆண்டு வருமானம் 1.5 லட்சம் ரூபாய் என்றால் அவருக்கு வரி இல்லை. ஆகவே மிச்சமும் இல்லை. கட்டணம் ஒன்றே, பாரம் ஏழைக்குத்தான் கூடுதல், சலுகையோ மற்றவருக்கு மட்டும்.

பிள்ளை சம்பாதித்தால்

18 வயது நிரம்பாத பிள்ளைக்கு வட்டி போன்ற வருமானம் இருந்தால், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது தாய் தந்தையரில் கூடுதல் வருமானம் உள்ளவரின் வருமானத்தோடு சேர்க்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் வரை விலக்கு இருந்தது. ஆனால் பிள்ளை தன் உடலுழைப்பாலோ தன் திறமையாலோ ஈட்டியது பெற்றோரின் கணக்கில் சேராது. விடுமுறையில் தார் சுற்றி 17 வயதுப் பிள்ளை பெறும் கூலி அந்தப் பிள்ளையின் சொந்த வருமானம்.

பிரித்தானியாவின் முறை

ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் மிகுதி. அங்கே 'குழந்தை வரி வரவு' என்ற சலுகை 2003 ஏப்ரலில் தொடங்கி 2025 ஏப்ரல் 5-ஆம் நாளோடு முடிவுக்கு வந்தது. வரி வரவு என்று பெயர் இருந்தாலும், வரி கட்டாத குடும்பத்துக்கும் அது பணமாகவே வழங்கப்பட்டது. அதன் இடத்தை 'யுனிவர்சல் கிரெடிட்' எனும் ஒருங்கிணைந்த உதவித்தொகை எடுத்துக்கொண்டது. இதனோடு 'சைல்டு பெனிஃபிட்' என்ற குழந்தை உதவித்தொகையும் தனியே உண்டு. 2025-26 நிதியாண்டில் அது மூத்த பிள்ளைக்கு வாரம் 26.05 பவுண்டு, அடுத்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 17.25 பவுண்டு.

பிள்ளைக்கு 16 வயது நிறைந்ததை அடுத்து வரும் ஆகஸ்டு 31 வரை குழந்தை உதவித்தொகைக்குத் தனியாக எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எடுத்துக்காட்டாக, 2008 அக்டோபரில் பிறந்த பிள்ளைக்கு 2024 அக்டோபரில் 16 நிறைகிறது. 2025 ஆகஸ்டு 31 வரை தொகை தானாக வரும். அதன்பின் பிள்ளை படிப்பைத் தொடர்கிறது என்று பெற்றோர் வரித்துறைக்குத் தெரிவித்தால்தான் தொகை தொடரும். தெரிவிக்காவிட்டால் நின்றுவிடும்.

எல்லாப் படிப்பும் இதற்குத் தகுதி பெறாது. வாரத்துக்குச் சராசரியாக 12 மணி நேரத்துக்கு மேல் கற்பிக்கப்படும், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய நிலைப் படிப்பாக இருக்க வேண்டும். நம் மேல்நிலை வகுப்புக்கு ஒப்பான 'ஏ லெவல்' இதில் சேரும். அங்கீகரிக்கப்பட்ட சில பயிற்சிகளும் சேரும். 19 வயது நிறையுமுன் தொடங்கிய படிப்பாக இருந்தால் 20 வயது நிறையும் வரை குழந்தை உதவித்தொகை கிடைக்கும். யுனிவர்சல் கிரெடிட்டில் பிள்ளைக்கான பங்கு 19-ஆவது பிறந்தநாளை அடுத்த ஆகஸ்டு 31 வரை கிடைக்கும். பிள்ளை படிப்பை விட்டுவிட்டு வாரம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ கூலி வேலைக்குப் போனால் தகுதி போய்விடும். பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் தகுதி முடிந்துவிடும். பல்கலைக்கழக மாணவருக்குக் கடன் உள்ளிட்ட வேறு ஏற்பாடுகள் உள்ளன.

பணம் செல்வது பெற்றோரின் கணக்குக்கு. ஒரு பிள்ளைக்கு ஒருவர் மட்டுமே கோர முடியும். தாயும் தந்தையும் பிரிந்து வாழ்ந்தால், பிள்ளையின் பொறுப்பை முதன்மையாக ஏற்றிருப்பவருக்கே அந்த உரிமை.

அமெரிக்காவின் முறை

அமெரிக்காவில் குழந்தை வரி வரவு இன்றும் உள்ளது. 2025 வரியாண்டில் அது ஒரு பிள்ளைக்கு 2,200 டாலர் வரை. ஆனால் ஆண்டின் இறுதியில் பிள்ளை 17 வயது நிரம்பாதிருக்க வேண்டும். 17 வயது ஆனவுடன், பிள்ளை பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாலும், இந்தச் சலுகை போய்விடும். பிறரைச் சார்ந்து வாழ்வோருக்கான 500 டாலர் வரவு மட்டும் எஞ்சும். முழுநேரம் படிப்பவராக இருந்தால் 24 வயதுக்குட்பட்டவரையும் அதில் காட்டலாம்.

தமிழ்நாட்டின் முறை: திருமண உதவியிலிருந்து கல்வி உதவிக்கு

தமிழ்நாட்டு அரசின் வழி இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கு சலுகை வரிக் கணக்கின் வழியே வருவதில்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் (1883–1962) தேவதாசி முறை ஒழிப்புக்காகப் போராடியவர். அவர் பெயரில் 1989-ல் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் குறைந்த அளவேனும் பள்ளிக் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 2011-ல் தாலிக்கு 4 கிராம் தங்கம் சேர்க்கப்பட்டது. 2016-ல் அது 8 கிராம் ஆனது. படித்த பெண்ணுக்கு உதவி என்பது நோக்கமானாலும், உதவி கைக்கு வந்தது திருமணத்தின்போதுதான்.

2022-ல் இந்தத் திட்டம் 'மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம்' என மாற்றப்பட்டது. 'புதுமைப் பெண்' என்ற பெயரில் 2022 செப்டம்பர் 5 அன்று சென்னையில் தொடங்கிவைக்கப்பட்டது. 6-ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேரும் மாணவிக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வழங்குவது திட்டம். 2024 டிசம்பர் 30 முதல் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்த மாணவியரும் சேர்க்கப்பட்டனர். மாணவர்களுக்கு இதே தொகையை வழங்கும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்டு 9 அன்று கோயம்புத்தூரில் தொடங்கியது.

இத்திட்டங்களின் முக்கியக் கூறுகள்:

• பட்டப்படிப்பு, பட்டயப் படிப்பு, தொழிற்பயிற்சி நிலையப் படிப்பு ஆகியவை தகுதி உடையவை. அஞ்சல்வழிக் கல்வி தகுதி பெறாது.
• பள்ளிக்குப் பின் முதன்முறையாகச் சேரும் உயர்கல்விப் படிப்புக்கே தொகை. முதுநிலைப் படிப்புக்கு இல்லை.
• குடும்ப வருமான வரம்பு இல்லை. ஒரே வீட்டில் தகுதியுள்ள பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவரும் பெறலாம்.
• வேறு கல்வி உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம்.
• தொகை மாணவரின் சொந்த வங்கிக் கணக்குக்கே செல்லும்.

கடைசிக் கூறு ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிரித்தானியாவில் பிள்ளைக்கான பணம் பெற்றோரின் கைக்குப் போகிறது. இங்கே அது பிள்ளையின் கைக்குப் போகிறது. 17, 18 வயதுப் பெண் ஒருத்தி தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்து, மாதந்தோறும் வரும் தொகையைத் தானே எடுத்துச் செலவிடுவது பல வீடுகளில் புதிய அனுபவம்.

தாயின் பெயரில் வரும் தொகை வேறு. 'கலைஞர் மகளிர் உரிமைத் தொகை' 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரு குடும்ப அட்டைக்கு 21 வயது நிறைந்த ஒரு பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என அது வகுக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்கள் அதில் சேரவில்லை. வருமான வரிக் கழிவு வரி கட்டுபவருக்கு மட்டும் உதவுகிறது. இந்தத் தொகை வரி கட்டும் நிலையில் இல்லாத வீட்டைத் தேடி வருகிறது. தாய் இதைப் பெறுவதால் மகளின் புதுமைப் பெண் தொகை நிற்காது. இரண்டும் தனித்தனி உரிமைகள்.

இடைப்பட்ட இரண்டு ஆண்டுகள்

பிரித்தானிய முறையையும் தமிழ்நாட்டு முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு முரண் தெரியும். அங்கே மேல்நிலைப் படிப்பு முடியும் வரை மாதாந்திர உதவி உண்டு. கல்லூரியில் கால் வைத்ததும் அது நின்றுவிடுகிறது. இங்கே கல்லூரியில் கால் வைத்தால்தான் அது தொடங்குகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கு உதவியே இல்லையா? மாதந்தோறும் கையில் வரும் பணம் இல்லை. வேறு வடிவில் உதவி உண்டு. அரசுப் பள்ளியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. பாடநூல், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவை விலையின்றிக் கிடைக்கின்றன. இடைநிற்றலைக் குறைக்க 2011-12 முதல் ஒரு சிறப்பு ஊக்கத்தொகையும் வகுக்கப்பட்டது. 10, 11-ஆம் வகுப்புகளுக்குத் தலா 1,500 ரூபாயும் 12-ஆம் வகுப்புக்கு 2,000 ரூபாயுமாக மொத்தம் 5,000 ரூபாய் மாணவர் பெயரில் வைப்பு நிதியாகப் போடப்பட்டு, மேல்நிலைப் படிப்பை முடித்த பின் வழங்கப்படும். பட்டியல் இன, பழங்குடி மாணவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 11-ஆம் வகுப்பிலிருந்தே தொடங்குகிறது. பெற்றோரின் வருமான வரம்பு அதற்கு உண்டு. மகள் சிறுமியாக இருந்தபோது அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கியிருந்தால், அவள் பத்தாம் வகுப்பு தேறியதும் அல்லது 18 வயது நிறைந்ததும், படிப்புச் செலவுக்காக முந்தைய நிதியாண்டு இறுதி இருப்பில் 50 விழுக்காடு வரை எடுக்கலாம்.

இருந்தாலும் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையே பிள்ளைகள் நழுவும் காலம். வேலைக்குப் போனால் கூலி இந்த வாரமே வரும். படித்தால் உதவித்தொகை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியைக் கடந்த பிள்ளைக்கே அடுத்து வரும் சலுகைகள் அனைத்தும் திறக்கின்றன. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 விழுக்காடு ஒதுக்கீடும், குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கற்பிப்புக் கட்டணச் சலுகையும் அவற்றுள் சில. ஆகவே அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டார், பத்தாம் வகுப்புக்குப் பின் என்னென்ன கிடைக்கும் என்பதை அந்த வகுப்பு முடியுமுன்னரே அறிந்துவைத்திருப்பது நல்லது.

நெசவாளர் குடும்பத்துக்கு உரியவை

நெசவாளர் பிள்ளைகளின் மேல்நிலைப் படிப்புக்கென்றே முன்பு ஓர் உதவி இருந்தது. 2005-06-ல் தொடங்கிய மகாத்மா காந்தி நெசவாளர் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தவரின் பிள்ளைகள் இருவருக்கு, 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை காலாண்டுக்கு 300 ரூபாய் கல்வி உதவி தரப்பட்டது. ஆண்டுக்கு 1,200 ரூபாய் என்பது சிறு தொகைதான். ஆயினும் மேல்நிலைப் பருவத்தைக் குறித்து வகுக்கப்பட்டதால் அது குறிப்பிடத்தக்கது. பின்னர் அந்தக் காப்பீடு பிரதமர் பெயரிலான காப்பீட்டுத் திட்டங்களோடு இணைக்கப்பட்டது.

இன்று இரண்டு வழிகள் கவனிக்கத்தக்கவை. தமிழ்நாடு கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெய்யும் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்த நெசவாளரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. வகுப்பு, படிப்பு ஆகியவற்றைப் பொறுத்தும், விடுதியில் தங்கிப் படிப்பதைப் பொறுத்தும் தொகை மாறும். பதிவு காலாவதியாகாமல் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். அடுத்து, பிள்ளை நெசவுத் தொழில்நுட்பம் படிக்க விரும்பினால், அங்கீகரிக்கப்பட்ட ஜவுளிக் கல்வி நிறுவனங்களில் பயிலும் நெசவாளர் பிள்ளைகளுக்கு நடுவண் அரசின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டம் உதவித்தொகை தருகிறது. ஒரு குடும்பத்தில் இரு பிள்ளைகள் வரை இதைப் பெறலாம். சேலத்திலுள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இத்தகைய படிப்பை நடத்தும் நிறுவனங்களுள் ஒன்று. தறியை விட்டுப் போகாமலே மேற்படிப்புக்குப் போகும் வழி இது.

இவை இரண்டுக்கும் பெற்றோர் நெசவாளர் என்பதற்கான சான்று வேண்டும். கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்குச் சங்கத்தின் பதிவுகள் உண்டு. தனியார் பட்டு முதலாளிகளிடம் பாவு வாங்கி வீட்டில் நெய்பவரிடம் பெரும்பாலும் எழுத்துச் சான்று எதுவும் இருப்பதில்லை. கைத்தறித் துறை வழங்கும் நெசவாளர் அடையாள அட்டையும் நல வாரியப் பதிவும் அவர்களுக்கு அதனால்தான் இன்றியமையாதவை.

கோரிக்கை தவறும் இடங்கள்

தகுதி இருந்தும் தொகை வராமல் போவதற்குப் பெரும்பாலும் சிறு குறைகளே காரணம்.

1. பெயர் வேறுபாடு: பள்ளிச் சான்றிதழில் ஒரு தலைப்பெழுத்து, ஆதாரில் வேறொன்று, வங்கிக் கணக்கில் இன்னொன்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சாகுமுன் இதைச் சரிபார்ப்பதே எளிது.

2. வங்கிக் கணக்கு: கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட கணக்குகள் இருந்தால், கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே தொகை போகும். தொகை வரவில்லை என்று எண்ணுவோர் சிலரின் பணம் மறந்துபோன பழைய கணக்கில் கிடப்பதும் உண்டு.

3. பள்ளி மாற்றம்: இடையில் ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்திருந்தால் தகுதி கேள்விக்குள்ளாகும். பிள்ளையைப் பள்ளி மாற்றும்போது பெற்றோர் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

4. எமிஸ் எண்: ஒவ்வொரு பள்ளி மாணவருக்கும் உரிய இந்த எண்தான் அவர் எந்தப் பள்ளிகளில் படித்தார் என்பதைக் காட்டுவது. மாற்றுச் சான்றிதழோடு இதையும் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

5. காலம்: புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆகியவற்றுக்குக் கல்லூரியின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை முடிந்ததும் அதற்கென உள்ள பொறுப்பு ஆசிரியரை அணுகுவது நல்லது.

6. இடைநிற்றல்: கல்லூரியை விட்டால் தொகையும் நின்றுவிடும்.

இவற்றுள் பெரும்பாலானவை பள்ளியில் இருக்கும்போதே திருத்தத்தக்கவை. 12-ஆம் வகுப்பின் முதல் பருவத்தில் வகுப்பாசிரியர் ஒரு நாள் ஒதுக்கி, மாணவர்களின் ஆதார், வங்கிப் புத்தகம், எமிஸ் எண் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் அடுத்த ஆண்டின் அலைச்சல் மிகுதியும் குறையும்.

தொகையின் அளவும் அதன் பயனும்

மாதம் 1,000 ரூபாய் ஒரு கூலிக்கு ஈடாகாது. ஒரு நெசவாளர் வீட்டில் 18 வயதுப் பிள்ளை வேலைக்குப் போனால் வரும் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது சிறு பகுதிதான். ஆகவே இந்தத் தொகை குடும்பத்தின் இழப்பை ஈடு செய்கிறது என்று சொல்ல முடியாது. அது செய்வது வேறு. பேருந்துச் செலவு, புத்தகம், தேர்வுக் கட்டணம், கல்லூரிக்கு உடுத்திச் செல்லும் துணி போன்றவற்றுக்குப் பிள்ளை ஒவ்வொரு மாதமும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை. படிப்பை நிறுத்தும் பேச்சு வீட்டில் எழும்போது பெரும்பாலும் இத்தகைய சிறு செலவுகளே முதலில் சுட்டப்படுகின்றன.

மூன்று நாட்டு முறைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 16 வயதுக்குப் பின் பிள்ளைக்கான சலுகை எங்கும் தானாகத் தொடர்வதில்லை. பிரித்தானியாவில் பெற்றோர் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் வரிப் படிவத்தில் வேறு கட்டத்தில் காட்ட வேண்டும். இந்தியாவில் வரி கட்டும் பெற்றோர் கட்டண ரசீதைக் காட்ட வேண்டும். வரி இல்லாத வீட்டின் பிள்ளை தானே விண்ணப்பிக்க வேண்டும். சலுகையின் விதிகளும் தொகைகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. ஆனால் பிள்ளை படிக்கிறது என்பதை ஆவணத்தோடும் காலத்தோடும் சொல்ல வேண்டும் என்ற விதி மாறுவதில்லை. எழுதப் படிக்கத் தடுமாறும் பெற்றோரின் வீட்டில் இந்தப் பொறுப்பு பிள்ளையின் மீதே விழுகிறது. அந்தப் பிள்ளைக்கு வழி சொல்ல ஓர் ஆசிரியரோ, முன்னர் இதே வழியில் சென்ற அக்காவோ அண்ணனோ இருந்தால் போதும்.